பதினேழாம் பக்கம்

இன்று மதியம் பெரம்பலூர்த் தபால் நிலையத்தில் ஒருவர் துணிப் பொட்டலத்தின் தையல்மேல் அரக்கு உருக்கி விட்டுக்கொண்டிருந்தார். மெழுகுவத்தி, சிவப்புக் குச்சி, கருகிய வாசனை. எனக்கு முன்னால் நான்கு பேர் நின்றார்கள். வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டேன். தபால்தலை வாங்கவில்லை.

நாம் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை அந்த வாசனையோடு முடிந்தது. அதனால்தான்.

மாடிக்கு வந்து இதை எழுதுகிறேன். அதே மாடி. கீழே அதே உரக்கடை. மழைக்காலத்தில் யூரியா நெடி படியேறி வரும்போது நீ மூக்கைப் பொத்தமாட்டாய். "நல்லா இழு மாப்ள. நாமளும் கொஞ்சம் வெளைவோம்" என்பாய். இரண்டு மேசை, இரண்டு கணினி, ஒரு அச்சுப்பொறி. அது அச்சடிக்கும்போது பேச முடியாது. அத்தனை சத்தம். பேச்சை நிறுத்தி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்போம், அது ஓயும்வரை.

திருச்சியில் ஒரே கல்லூரி. நீ கணினி, நான் இலக்கியம். படிப்பு முடிந்து, லப்பைக்குடிக்காட்டிலிருந்து நீயும் உடையார்பாளையத்துப் பக்கமிருந்து நானும் நடுவில் பெரம்பலூரில் வந்து விழுந்தோம். நீ நிரல் எழுதினாய். நான் அது என்ன செய்யும் என்று வாடிக்கையாளருக்குப் புரியும்படி எழுதினேன். பள்ளிக்கூட மதிப்பெண் பட்டியல், அரிசி ஆலை ரசீது. சின்ன வேலைகள். இரண்டு பேருக்குப் போதும்.

அப்போதுதான் அரியலூர்ப் பக்கத்துச் சிமெண்ட் ஆலை ஒன்றிலிருந்து அந்தக் கட்டு வந்தது.

ஒரு நிறுவனத்துக்கு ஏதாவது தேவையென்றால் அது இப்படி ஒரு கட்டுக் காகிதத்தை வெளியிடும். எங்களுக்கு இது வேண்டும், உங்களால் முடியுமா, எப்படிச் செய்வீர்கள். ஒவ்வொரு கேள்விக்கும் நேராக ஒரு கட்டம். ஆம் அல்லது இல்லை. பக்கத்தில் விளக்கம். இதற்கு நல்ல தமிழில் பெயர் உண்டு. நாம் டெண்டர் என்றோம். கேள்விகள் ஆங்கிலத்தில் இருந்தன. நம் சண்டைகள் எல்லாம் தமிழில்.

ஆலைக்குச் சிமெண்ட் ஏற்ற வரும் லாரிகள் வாசலில் நாள்கணக்கில் நிற்கும். இரண்டு வாசல்கள், ஒன்றுக்கொன்று ஒரு கிலோமீட்டர் தூரம். எந்த வாசலில் வந்தாலும் ஒரே வரிசையில் எண் தரவேண்டும். அதைக் கணினி செய்யவேண்டும். அவ்வளவுதான் அவர்கள் கேட்டது.

அதே வாரம் துபாயிலிருந்து உன் அண்ணன் போன் செய்திருந்தார். விசா தயார் என்று. நீ அதை என்னிடம் சொன்னபோது ஒரு பேனாவின் மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாய்.

"போறியா?" என்றேன்.

"மொதல்ல டெண்டரப் பாப்போம் மாப்ள."

இதை நான் ஒரு நிபந்தனையாக எடுத்துக்கொண்டேன். கிடைத்தால் இருப்பாய். கிடைக்காவிட்டால் போவாய். நீ அப்படிச் சொல்லவில்லை. நான் அப்படிப் படித்தேன். படிப்பதுதானே என் தொழில்.

*

மற்றவர்கள் கட்டு கையில் கிடைத்ததும் எழுத உட்கார்வார்கள். சென்ற முறை யாருக்கோ எழுதியதை எடுத்து, பெயரை மாற்றி, நிரப்புவார்கள். எங்கும் அப்படித்தான். நானும் அதைத்தான் சொன்னேன். நீ கட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாய். எழுதுவதற்கு முன்னால் லாரிக்காரர்களைப் பார்க்கவேண்டுமாம்.

ஆலை வாசலில் வேப்பமரங்கள் வெள்ளையாக நின்றன. இலை, கிளை எல்லாம் சிமெண்ட் தூசி. டீக்கடைத் தட்டிக்குக் கீழே ஓட்டுநர்கள் துண்டை விரித்துப் படுத்திருந்தார்கள். நீ பேன்ட்டோடு மண்ணில் உட்கார்ந்துவிட்டாய்.

"என்ன தம்பி, சர்வே எடுக்குறீங்களா?" என்றார் ஒருவர்.

"இல்லண்ணே. வரிசைக்குக் கம்ப்யூட்டர் வைக்கப்போறாங்க. நாங்க டெண்டர் போடுறோம்."

"கம்ப்யூட்டரு வந்தா வரிசை வெரசா போவுமா?"

"போவாதுண்ணே. யாரு முன்னாடி யாரு பின்னாடின்னு சண்டை வராது. அவ்ளோதான்."

"அப்பறம் எங்களுக்குப் பொழுது எப்புடிய்யா போவும்?"

எல்லாரும் சிரித்தார்கள். நீதான் அதிகம் சிரித்தாய். ஓரமாக ஒரு ஓட்டுநர் மட்டும் சிரிக்கவில்லை. ஒல்லியானவர், கழுத்தில் கறுப்புக் கயிறு. சிரிப்பு அடங்கியதும் சொன்னார்.

"போன மாசம் எனக்கும் இன்னொருத்தனுக்கும் ஒரே நம்பர எழுதிக் குடுத்துட்டாங்க தம்பி. நான் இந்த கேட்டு, அவன் அந்த கேட்டு. அவன் உள்ள போயிட்டான். நான் மறுநா சாயங்காலம் வரைக்கும் நின்னேன். அன்னிக்கு எம் பொண்ணுக்குக் காதுகுத்து. மாமன் மடிதான் இல்லன்னா, அப்பன் மொகமும் இல்லையான்னு எம் பொண்டாட்டி இன்னும் பேசமாட்டேங்கிறா."

நீ அவர் சொன்னதைக் குறித்துக்கொள்ளவில்லை. ஆனால் திரும்பி வரும் பஸ்ஸில் கல்லங்குறிச்சி தாண்டும்வரை கட்டை மடியில் விரித்து, இரண்டு வாசல்களைப் பற்றிய பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

டெண்டர் போடுகிறவர்களை அழைத்து ஆலையில் ஒரு கூட்டம் வைத்தார்கள். சந்தேகம் இருந்தால் கேட்கலாம். சென்னையிலிருந்து வந்த நிறுவனம் எத்தனை பிரதி வேண்டும் என்று கேட்டது. திருச்சிக்காரர் கடைசி நாளைத் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டார். நீ எழுந்தாய்.

"சார், ரெண்டு கேட்டுக்கும் நடுவுல ஒயரு அறுந்துபோனா இப்ப என்ன பண்றீங்க?"

"அதுக்குத்தானப்பா ஒங்களக் கூப்புட்டுருக்கோம்" என்றார் அதிகாரி. மீண்டும் சிரிப்பு. நீ உட்காரவில்லை. அவர் சிரிப்பு முடியும்வரை நின்று, "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாய்.

*

பதினேழாம் பக்கம், கேள்வி முப்பத்தொன்று. இரு வாசல்களுக்கும் இடையே தொடர்பு அறுந்தாலும் ஒரே வரிசை எண் தொடருமா?

நாம் அதைச் சோதித்துப் பார்த்தோம். நம் இரண்டு மேசைகள் இரண்டு வாசல்கள். நீ இந்தப் பக்கம், நான் அந்தப் பக்கம். மாற்றி மாற்றிச் சீட்டு எடுத்தோம். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது. நீ குனிந்து நடுவிலிருந்த ஒயரைப் பிடுங்கினாய். உன் மேசையில் நாற்பத்தொன்று வந்தது. என் மேசையிலும் நாற்பத்தொன்று வந்தது.

இரண்டு சீட்டுகளையும் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாய்.

எட்டு நாள் முயன்றாய். ஒவ்வொரு நாளும் ஒயரைப் பிடுங்குவாய். ஏதாவது ஒன்று இடறும். எண் தாவும், அல்லது இரட்டிக்கும், அல்லது ஒரு கணினி பேச்சை நிறுத்திவிடும். ஒன்பதாம் நாள் கணினியில் அந்தக் கட்டத்தில் நீயே அடித்தாய். இல்லை. தொடர்பு அறுந்தால் ஒரு வாசலை மூடி, மற்ற வாசலில் மட்டும் எண் தரவேண்டும்.

"இத எழுதினா நம்மள எடுப்பாங்களா?" என்றேன்.

"எடுக்கமாட்டாங்க."

"அப்பறம்?"

"அப்பறம் என்ன. முடியலன்னா முடியல."

"மத்தவனெல்லாம் ஆம்னுதான் போடுவான். வேலை கெடைச்சப்பறம் சரிபண்ணிக்குவான்."

"காதுகுத்துக்காரர் வந்து கேட்டா நீ பேசுறியா?"

உண்மையில் என் மனத்தில் ஆலையும் இல்லை, அந்த ஓட்டுநரும் இல்லை. துபாய் மட்டும் இருந்தது. காலி மேசை ஒன்று இருந்தது. ஊரில் எனக்கு உறவு உண்டு, டவுனில் தெரிந்த முகங்கள் உண்டு. எதிரே உட்கார்ந்து அச்சுப்பொறி ஓயக் காத்திருக்க வேறு யாரும் இல்லை. இதை அன்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம். என்னிடம் வாக்கியங்களுக்குக் குறைவே இல்லை.

வெள்ளிக்கிழமை நீ ஜும்மாவுக்கு ஊருக்குப் போனாய். நான் கணினியில் பதினேழாம் பக்கத்தைத் திறந்தேன். இல்லை என்பதை எடுத்தேன். ஆம் என்று அடித்தேன். பக்கத்தில் விளக்கம் வேண்டுமே. நன்றாக எழுதினேன். மூன்று வரி. படிக்கிறவன் நம்பும்படி இருந்தது. மூன்றாம் வரி எனக்கே பிடித்திருந்தது. மூன்று பிரதி அச்சடித்து, எல்லாப் பக்கங்களிலும் என் கையெழுத்தையும் முத்திரையையும் போட்டு வைத்தேன்.

ஒவ்வொரு பக்கத்திலும் எல்லாக் கூட்டாளிகளும் கையெழுத்திடவேண்டும். ஒரு பக்கம் விடுபட்டாலும் தள்ளுபடி. கட்டின் முதல் தாளிலேயே அந்த விதி இருந்தது.

திங்கட்கிழமை காலை நீ வந்தாய். ஊரிலிருந்து உன் அம்மா கொடுத்துவிட்ட இடியாப்பம் ஒரு தூக்கில். கட்டை உன்னிடம் தந்து, "போட்டு வை. அரக்கு வாங்கிட்டு வரேன்" என்று கீழே இறங்கினேன். நான் எதிரில் இருந்தால் நீ ஒவ்வொரு வரியையும் என்னோடு பேசிப் பேசி நிதானமாகப் படிப்பாய். இல்லாவிட்டால் வெறுமனே கையெழுத்துப் போடுவாய் என்று நினைத்தேன். உன்னை எவ்வளவு தப்பாகப் படித்திருக்கிறேன்.

திரும்பி வந்தபோது உறை ஒட்டப்பட்டிருந்தது.

"முடிஞ்சுதா?"

"ம்."

மெழுகுவத்தியைப் பற்ற வைத்தேன். அரக்கு உருகி உறையின் வாயில் சொட்டியது. ஐந்து இடங்கள். சூடு ஆறுவதற்குள் முத்திரையை அழுத்தவேண்டும். நீ சொட்ட விட்டாய், நான் அழுத்தினேன்.

*

மூன்று மணிக்குள் பெட்டியில் போடவேண்டும். நான்கு மணிக்குப் பிரித்தார்கள். நீளமான மேசை. போட்டவர்கள் எல்லாரும் எதிரில் நாற்காலிகளில். அதிகாரி ஒவ்வோர் உறையாகத் தூக்கி, அரக்கு உடையவில்லை என்று காட்டிவிட்டுக் கிழித்தார். எழுத்தர் பக்கம் பக்கமாகப் புரட்டிச் சரிபார்த்தார்.

நம்முடையது மூன்றாவது. எழுத்தரின் விரல் ஓரிடத்தில் நின்றது.

"சார். பதினேழாம் பக்கத்துல ஒரு கையெழுத்துதான் இருக்கு."

அதிகாரி வாங்கிப் பார்த்தார். முன்னும் பின்னும் புரட்டினார். எழுத்தர் மற்ற இரண்டு பிரதிகளையும் எடுத்தார். அவற்றிலும் பதினேழில் உன் கையெழுத்து இல்லை.

நான் எழுந்துவிட்டேன். "சார், அவரு இங்கதான் இருக்காரு. இப்பவே போட்டுறலாம் சார்."

"பிரிச்சப்பறம் பேனா படக்கூடாது தம்பி."

"ஒரு நிமிஷ வேலை சார்."

திருச்சிக்காரர் பக்கத்திலிருந்து மெதுவாகச் சொன்னார். "பஸ்ஸுல வச்சுப் போட்டீங்களா தம்பி? ரெண்டு தாளு ஒட்டிக்கும். எனக்கும் ஒருக்கா ஆச்சு."

அதிகாரி உன்னைப் பார்த்தார். கூட்டத்தில் கேள்வி கேட்டவன் என்று நினைவிருந்திருக்கவேண்டும். அவர் முகத்தில் வருத்தம் இருந்தது. நீ எழுந்து நின்றாய்.

"பரவால்லைங்க சார். ஒதுக்கி வச்சுருங்க."

அரியலூர் பஸ் நிலையத்தில் பெரம்பலூர் வண்டிக்காக நின்றோம். கடலை விற்கிறவர் இரண்டு முறை நம்மிடம் வந்துவிட்டுப் போனார்.

"மறந்துட்டியா?" என்றேன். பதில் தெரிந்தே கேட்டேன்.

"இல்ல."

"அப்ப கையெழுத்துப் போடமுடியாதுன்னு எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல."

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். கோபமாக இருந்திருந்தால் தேவலை.

"மாத்துனத நீ சொல்லியிருக்கலாம்ல."

வண்டி வந்தது. நீ சன்னலோரம் உட்கார்ந்தாய். நான் பக்கத்தில். வழக்கமாக உன் தோள் என் தோளில் இடிக்கும்.

இதைப் பல முறை யோசித்திருக்கிறேன். அந்தப் பக்கத்தை நீ கிழித்திருக்கலாம். திருத்தியிருக்கலாம். என்னைக் கீழேயிருந்து கூப்பிட்டுத் திட்டியிருக்கலாம். என் பொய்யை நீ தொடவில்லை. அதில் சேரவில்லை. அவ்வளவுதான் செய்தாய். மற்ற எல்லாப் பக்கங்களிலும் உன் கையெழுத்து என் கையெழுத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

அதிலிருந்து இருபத்தாறாம் நாள் நீ துபாய் போனாய். திருச்சிக்கு வழியனுப்ப வந்தேன். உன் வீட்டார் ஒரு வேன் நிறைய. உன் அம்மா துஆ ஓதி உன் நெற்றியில் ஊதினார். என்னைக் கட்டிப்பிடித்து, "ஒயரப் பத்தி எழுதி வச்ச ஃபைலு ரெண்டாவது டிராயர்ல இருக்கு" என்றாய்.

*

நீ இறந்த செய்தி எனக்கு நேராக வரவில்லை. உன் ஊர்க்காரர் ஒருவர் உரம் வாங்க வந்தபோது கீழே சொல்லியிருக்கிறார். வேலைக்குப் போன வேன் நெடுஞ்சாலையில் கவிழ்ந்தது என்று. உரக்கடைக்காரர் மாடியேறி வந்தார். அத்தனை வருஷத்தில் அவர் மாடியேறி வந்ததே இல்லை. படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்டதுமே எழுந்து நின்றுவிட்டேன்.

உன்னை அங்கேயே அடக்கிவிட்டார்கள். நான் போய் நிற்க ஓர் இடம் இல்லை. லப்பைக்குடிக்காட்டுக்குப் போனேன். வெள்ளாற்றில் தண்ணீர் இல்லை. மணல் மட்டும். உன் அண்ணன் விடுப்பில் வந்திருந்தார். உன் அம்மா உள்ளேயிருந்து, "கூட்டாளி வந்துருக்குதா? சாப்பிடச் சொல்லு" என்றார். நான் சாப்பிட்டேன். அவர் சொல்லி மறுக்க முடியவில்லை.

பிறகு உன் அண்ணன் கேட்டார். "ஒண்ணு கேக்கணும் தம்பி. அந்த டெண்டரப் போடுறதுக்கு முந்தின வாரம் எனக்குப் போன் போட்டான். விசாவ வேற யாருக்காச்சும் குடுத்துருண்ணே, நான் கூட்டாளியோட இங்கயே இருந்துக்குறேன்னான். டெண்டர் வந்தா இருப்ப, வராட்டி என்ன பண்ணுவன்னேன். வராட்டியும் இருப்பேன்னான். நானும் மாமு மவனுக்கு மாத்திவிடலாம்னு இருந்தேன். பத்தே நாளு. வரேண்ணேங்கிறான். என்ன தம்பி நடந்துச்சு நடுவுல?"

"ஒண்ணுமில்லண்ணே" என்றேன்.

திட்டக்குடி பஸ் வரும்வரை ரோட்டில் நின்றேன். வந்த பஸ்ஸில் ஏறவில்லை. அடுத்ததிலும் ஏறவில்லை.

நீ போவதைத் தடுக்கத்தான் அந்தப் பதிலை மாற்றினேன். நீயோ போவதாகவே இருக்கவில்லை. அந்தப் பதில்தான் உன்னை அனுப்பியது. இதில் நான் சேர்க்க எந்த விளக்கமும் இல்லை. மூன்று வரி கூட இல்லை.

*

நான் இப்போதும் டெண்டர்களுக்கு எழுதுகிறேன். சிமெண்ட் ஆலைகள், பால் சங்கங்கள், ஒரு மருத்துவமனை. எழுதுவதற்கு முன் பஸ் ஏறுகிறேன். யார் அதைக் கையாளப்போகிறார்களோ அவர்கள் பக்கத்தில் போய் உட்காருகிறேன். உன்னைப் போல எனக்குச் சட்டென்று பேச வராது. கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தால் அவர்களே பேசுகிறார்கள். இல்லை என்று எழுதவேண்டிய இடத்தில் இல்லை என்று எழுதுகிறேன். பெரும்பாலும் தோற்கிறேன். அதில் பெருமை ஒன்றும் இல்லை.

நிரல் வேலையைத் திருச்சியில் ஒருவருக்குக் கொடுத்து வாங்குகிறேன். அவரை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். இரண்டாவது டிராயர்க் கோப்பில் நீ விட்ட இடத்திலிருந்து அவர் தொடங்கினார். இப்போது ஒயரைப் பிடுங்கினாலும் எண் இரட்டிப்பதில்லை. உன்னிடம் சொல்லவேண்டும் என்றிருந்தேன். அதற்குள்.

சொல்லவேண்டியது இன்னும் ஒன்று இருக்கிறது. இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன் என்று நினைக்கிறேன். மற்றதெல்லாம் சுற்றி வந்தது.

நீ வெள்ளிக்கிழமைகளில் போன் செய்வாய். தொழுகை முடித்து, அங்கே கடைத்தெருவிலிருந்து. போன் அட்டையில் நிமிஷம் குறைந்துகொண்டே வரும் சத்தம் இடையில் கேட்கும். என்ன சாப்பிட்டாய், வெயில் எப்படி, அம்மாவைப் பார்த்தேனா. பதினேழாம் பக்கம் பற்றி ஒருநாளும் பேசவில்லை. கடைசியாகப் பேசிய வெள்ளிக்கிழமை வழக்கத்துக்கு மாறாக ஒன்று கேட்டாய்.

"ஒண்டியாவா மாப்ள இருக்க? யாரையாச்சும் சேத்துக்கிட்டியா?"

"சேத்துட்டேன்டா. போன மாசம்" என்றேன்.

"ஆளு எப்புடி?"

"நல்ல பையன். ஒன் டேபிள்லதான் ஒக்காருறான்."

அட்டை தீர்ந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"நல்லது" என்றாய். "அப்ப சரி."

ஏன் கேட்டாய் என்று நான் கேட்கவில்லை. நீ என்மேல் பரிதாபப்படக்கூடாது என்று நினைத்தேன். நீ திரும்பி வர நினைத்துக் கேட்டிருக்கலாம் என்பது போனை வைத்த பிறகுதான் தோன்றியது. அடுத்த வெள்ளிக்கிழமை சொல்லிவிடலாம் என்று வைத்துக்கொண்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை வந்தது. போன் வரவில்லை.

யாரையும் சேர்க்கவில்லை. உன் மேசையைத் துடைத்து வைக்கிறேன், அவ்வளவுதான். அச்சுப்பொறி பழையதாகிவிட்டது. இன்னும் அதே சத்தம். அது ஓடும்போது சன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஒண்டியாகத்தான் இருக்கிறேன்.